சூட்டில் நின்று, ஆறினால் ஓடும் கார்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓடும் கார் திடீரென அணைந்து, அரை மணி நேரம் ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும். சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரை மாட்டிவிட்டு, "ஃபால்ட் கோட் (பழுதுக் குறியீடு) எதுவும் இல்லை" என்று திருப்பித் தருகிறார்கள். அடுத்த முறை பேட்டரி, அதற்கடுத்து ஃப்யூயல் பம்ப் என்று பில்தான் நீள்கிறது.

இப்படி நின்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது, எஞ்சின் சுழல்வதை உணர்ந்து அதன் கணினிக்குச் சிக்னல் அனுப்பும் கிராங்க்‌ஷாஃப்ட் சென்சார். சூடேறும்போது அதன் உள் இணைப்பு விட்டுப்போகும். சிக்னல் வராததால் தீப்பொறியும் பெட்ரோலும் நின்றுவிடும். ஆறிய எஞ்சினில் சோதித்தால் எல்லாம் சரியாகவே காட்டும். வண்டி நின்ற அந்த நிமிடமே பார்க்க வேண்டும். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் ஸ்கேனரில் ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) பூஜ்யத்திலேயே இருந்தால், சென்சார் அல்லது அதன் ஒயர், கனெக்டர்தான். பேட்டரியை மாற்றி என்ன பயன்?

வேகத்தில் எஞ்சின் அணைந்தால் பவர் ஸ்டீயரிங் இறுகிவிடும். சில மிதிகளுக்குப் பிறகு பிரேக்கும் கல்லாகிவிடும். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். பாகம் கெடுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். கோளாறை ஒப்புக்கொள்ளாமல் வாரண்டி முடியும்வரை இழுத்தடிக்கும் நிறுவனத்தை எப்படி நம்புவது?

உரிமையாளர்கள் ஒவ்வொரு முறையும் சர்வீஸ் சென்டர் எழுதும் வேலைப் பதிவான ஜாப் கார்டில் "ஓடும்போது எஞ்சின் அணைந்தது" என்றே எழுதச் சொல்லி, கிலோமீட்டர் அளவுடன் நகல் வாங்க வேண்டும். "ஜெனரல் செக்கப்" என்று எழுதிவிட்டால் புகாருக்குத் தடயமே இருக்காது. காசு கொடுத்து மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

இப்படிக்கு,
வாகனப் பழுதுபார்ப்புத் தொழிலில் உள்ள வாசகர்