அப்புத்தளைப் பழைய பங்களாவின் உறுதிகளைத் தேடித் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்து வீடொன்றின் காணி வரலாறு ஒருவழியாக ஒரே கோப்பில் சேர்ந்துவிட்டது. உதவியவர்களில் பலர் பெயர் போடவேண்டாம் என்றார்கள். அதனால் அவர்கள் செய்த வேலையை எழுதுகிறோம். இன்னொரு வீட்டைத் தேடுகிறவருக்கும் அது பயன்படட்டும்.

முதல் நன்றி பதுளைக் காணிப் பதிவக ஊழியர்களுக்கு. வீட்டின் பெயரைச் சொல்லித் தேடினால் அங்கே எதுவும் கிடைக்காது. கையிலிருக்கும் கடைசி உறுதியில் (காணிப் பத்திரத்தில்) பதிவு முத்திரையோடு தொகுதி எண்ணும் பக்க எண்ணும் இருக்கும். அந்தப் பக்கத்தில், அதாவது ஃபோலியோவில், விற்றவர், வாங்கியவர், உறுதி இலக்கம், திகதி, உறுதி எழுதிய நொத்தாரிசின் பெயர் எல்லாம் வரிசையாக வரும். பக்கம் நிரம்பினால் வேறு தொகுதிக்குக் கொண்டுபோயிருப்பார்கள். எங்கிருந்து வந்தது, எங்கே போகிறது என்ற குறிப்பு பக்கத்தின் ஓரத்தில் இருக்கும். கிழிவதும் அந்த ஓரந்தான். கிழிந்திருந்தால் எல்லைக் காணியின் ஃபோலியோவைப் பிடித்துச் சுற்றி வரவேண்டும். பொறுமையாகத் தொகுதி தொகுதியாக எடுத்துத் தந்த கிளாக்கர் ஐயாவுக்குத் தனியாகவே நன்றி சொல்லவேண்டும்.

மூல உறுதி தொலைந்தாலும் வழி உண்டு என்று காட்டியவர் ஒரு நொத்தாரிசு அம்மா. மூலம் வாங்கியவரிடம், இரண்டாம் பிரதி பதிவகத்தில், இன்னொன்று நொத்தாரிசின் கோவையில் என்று மூன்று இடத்தில் அது இருக்கவேண்டும். இலக்கமும் திகதியும் தெரிந்தால் பிரதி கேட்கலாம். எல்லை விபரத்தை நம்பி ஏமாறக்கூடாது என்றும் அவர் எச்சரித்தார். “வடக்கே இன்னாருடைய காணி” என்ற வரியை ஒவ்வொரு நொத்தாரிசும் பழைய உறுதியைப் பார்த்து அப்படியே எழுதியிருப்பார். அந்த இன்னார் எப்போதோ விற்றுவிட்டுப் போயிருப்பார்.

கொழும்பு தேசிய சுவடிக்கூட வாசிப்பறையினருக்கு அடுத்த நன்றி. தோட்டங்களைப் பட்டியலிட்ட பெர்குசன் டிரெக்டரியின் பழைய பதிப்புகளில் தோட்டம், சொந்தக்காரர், ஏஜென்சி, சுப்ரின்டென்டன், ஏக்கர் எல்லாம் உண்டு. தோட்டத்தில் வாய்வழியாக மிஞ்சுவது துரையின், அதாவது சுப்ரின்டென்டனின், பெயர். உறுதியில் இருப்பதோ லண்டனிலோ கொழும்பிலோ இருந்த சொந்தக்காரரின் பெயர். இரண்டையும் ஒரே ஆளாக்கினால் வரலாறே புரண்டுவிடும். ஊவா தனி மாகாணமானது 1886-ல்தான். அதற்கு முந்திய அப்புத்தளைக் கடிதங்களை மத்திய மாகாணத்தின் கீழ் தேடவேண்டும். ரூபாய்க் கணக்கு வந்தது 1872-ல், அதற்கு முன் பவுண். 1869-ல் மடுல்சீமையில் கண்ட இலைநோய் கோப்பியை அழித்தது, 1884-ல் ஓரியண்டல் வங்கி விழுந்தது. இந்த ஆண்டுகளை ஒட்டிக் காணி கைமாறியிருந்தால் விற்பனைப் பதிவோடு நிற்காமல் ஈட்டு (அடமான) பதிவுகளையும் பாருங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

தோட்டத்தைத் தமிழில் என்ன சொல்லி அழைத்தார்கள் என்று சொன்னவர் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை. பதிவேட்டுப் பெயர் ஒன்று, லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பில், வழங்கிய பெயர் வேறொன்று. அவர் சொல்லியிராவிட்டால் பாதிக் கடதாசி வேறு தோட்டத்துடையதென்று ஒதுங்கியிருக்கும்.

நில அளவையாளர் பழைய வரைபடத்தைப் புதியதன்மேல் பொருத்தித் தந்தார். அளவு ஏக்கர், ரூட், பேர்ச்சில் இருக்கும்: 4 ரூட், அதாவது 160 பேர்ச், ஒரு ஏக்கர். பழைய படத்தின் வடக்கு காந்த ஊசி காட்டிய வடக்கு. அதை நம்பி அப்படியே வைத்தால் வீடு ஓடைக்குள் இறங்கிவிடும். மாறாத பாறையையும் ஓடை வளைவையும் முதலில் பொருத்திவிட்டுப் படத்தைத் திருப்பவேண்டும்.

மேசன் பாஸ் (கொத்தனார்) கூரையைப் பார்த்துச் சொன்னது எல்லாவற்றையும்விட ருசியானது. ஓட்டில் “பாசல் மிஷன், 1865” என்றிருந்தால் வீட்டுக்கு அந்த வயதென்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது மங்களூர் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. பிறகு செய்த ஓடுகளிலும் அதே அச்சுத்தான். ரயில் அப்புத்தளைக்கு வந்ததே 1893-ல். அதற்கு முன் அவ்வளவு ஓட்டையும் மாட்டுவண்டியில் மலையேற்றுவது லேசான செலவல்ல. ஆகவே ஓடு பிந்தியது, சுவர் முந்தியது என்று கொள்வதே நியாயம். ஓடையோரம் புதைந்துகிடந்த கருங்கல் தொட்டியைத் துப்புரவாக்கிக் காட்டியவரும் அவர்தான். அது கோப்பிப்பழம் தோலுரித்துக் கழுவிய இடம்.

பிரதேச செயலகத்தில் காணிச் சீர்திருத்தக் கோவையைத் தேட வழிகாட்டியவருக்கும் நன்றி. 1972 சட்டம் ஆளுக்கு 50 ஏக்கர்தான் விட்டது. கம்பனித் தோட்டங்கள் 1975-ல் அரசிடம் போயின. இந்த வீடு தனியார் கையில் தங்கியது அந்த 50-க்குள் அகப்பட்டதால்தான். எந்தக் காணியை வைத்திருக்கலாம் என்று வர்த்தமானியில் வந்த நிர்ணயம் அதற்குச் சாட்சி.

பழைய செக்ரோல் (தொழிலாளர் பெயரேடு), தோட்ட வரைபடம், வரிப் பற்றுச்சீட்டு எவரிடமாவது இருந்தால் லேமினேட் மட்டும் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு உரிக்கவே முடியாது. வெயில் நேரே படாத ஜன்னலோரம் வைத்துப் படமெடுத்து, பின்பக்கத்தையும் எடுத்து அனுப்பினால் போதும். முத்திரையும் கையெழுத்துக் குறிப்பும் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் இருக்கும்.

நன்றியுடன்,
வீட்டு வரலாறு தொகுத்த குழுவினர்