நைத்திரேற்று 14 என்றால், எதில் 14?

கிணற்றுநீர்ப் பரிசோதனை முடிவு எழுதித் தரும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். களுதாவளையில் இருந்து, ஓய்வுபெற்ற இரசாயனவியல் வாத்தியார் ஒருவன் எழுதுகிறேன்.

போன மாதம் பக்கத்து வளவு மாமி ஒரு துண்டுடன் வந்தார். அவருடைய கிணற்றுத் தண்ணீரைச் சோதித்த முடிவு. “நைத்திரேற்று 14 தானாம் சேர். 50 வரைக்கும் இருக்கலாமாமே, பயமில்லைதானே?” மூன்று மாதப் பேத்திக்குப் பால்மா கரைப்பது அந்தத் தண்ணீரில்தான். ஓம் என்று சொல்லத்தான் நானும் வாயெடுத்தேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால், 14க்குப் பக்கத்தில் எறும்பளவு ஆங்கில எழுத்தில் ‘நைதரசனாக’ என்றிருந்தது.

நைதரசனின் அணுத்திணிவு 14. அதோடு மூன்று ஒட்சிசன், 48, சேர்ந்தால்தான் நைத்திரேற்று. மொத்தம் 62. துண்டிலுள்ள 14, லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று நைதரசனை மட்டும் எண்ணிய கணக்கு. ஆக, மாமியின் கிணற்றில் லீற்றருக்கு 62 மில்லிகிராம் நைத்திரேற்று! உலக சுகாதார நிறுவனம் சொல்லும் 50, முழு நைத்திரேற்றுக்கான எல்லை. நைதரசனை மட்டும் எண்ணினால் எல்லை 11 அளவில்தான். அரிசியை நிறுத்துவிட்டு நெல்லின் விலைப்பட்டியலைப் பார்த்த கதை இது.

ஊரில் ஏற்கனவே இந்தச் சொல்லோடு போதுமான குழப்பம். பழைய ஆட்களுக்கு நைத்திரேற்று என்றால் வெடியுப்பு. 2020இல் பெய்ரூட் துறைமுகத்தில் 2750 தொன் அமோனியம் நைத்திரேற்று வெடித்த பிறகு இளசுகளுக்கும் அதே நினைப்பு. கிணறு வெடிக்காது, சரி. ஆனால் தோட்டத்துக்குப் போடும் யூரியாவில் நைத்திரேற்று இல்லையே என்று வாதாடுகிறவர்களுக்கு என்ன சொல்ல? மண்ணிலுள்ள பக்ரீரியா அதை நைத்திரேற்றாக்குகிறது. நம் கரையோர மணலுக்கு அதைப் பிடித்து வைக்கும் சக்தி இல்லை, தண்ணீரோடு நேரே கீழே இறங்கிவிடும். மலசலகூடக் குழியும் தன் பங்குக்குச் சேர்க்கிறது.

பச்சைக் குழந்தையின் வயிற்றில் அது நைத்திரைற்றாக மாறுகிறது. ஓர் ஒலிதான் வித்தியாசம், ஓர் ஒட்சிசன்தான் குறைவு. இரத்தத்துக்குள் போனால் ஈமோகுளோபின் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போய், பிள்ளை நீலம் பாரிக்கும்.

உங்கள் துண்டின் அடியிலோ ‘கொதிக்க வைத்துப் பருகவும்’ என்று ஒரு முத்திரை. கிருமிக்கு அது சரி. நைத்திரேற்று கொதித்தால் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். மாமி அந்த முத்திரையை நம்பிப் பத்து நிமிடம் கொதிக்க வைத்திருக்கிறார்.

தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில், ‘நைத்திரேற்றாக 62, எல்லை 50’ என்று எழுதித் தாருங்கள். எல்லை தாண்டினால், ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு இந்தத் தண்ணீரில் பால் கரைக்க வேண்டாம், கொதிக்க வைத்தாலும் வேண்டாம் என்று ஒரு வரி.

மாமி இப்போது தங்கச்சி வீட்டுக் குழாயில் கலன் பிடிக்கிறார். துண்டு என் மேசையில்தான் கிடக்கிறது. கேட்டால் கொண்டுவந்து காட்டுகிறேன்.