நட்சத்திர அட்டவணையைக் கழற்ற வைத்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

பிறரிடம் அன்பு காட்டிப் பழகுவதற்காகக் குழந்தைகளோடு ஆறு வாரம் நடத்திய ஞாயிற்றுக்கிழமைப் பட்டறை நல்லபடியாக முடிந்தது. கடைசி நாளன்றே எல்லோருக்கும் நன்றி சொல்ல நினைத்தேன். தரையில் கொட்டிய வண்ணத்தைத் துடைப்பதிலேயே மாலை போய்விட்டது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி, என்னோடு சண்டை போட்ட ஓய்வுபெற்ற ஆசிரியை அக்காவுக்கு. நல்ல காரியம் ஒன்றுக்கு ஒரு நட்சத்திரம், பத்து சேர்ந்தால் பரிசு என்று முதல் நாளே சுவரில் பெரிய அட்டவணை ஒட்டியிருந்தேன். இரண்டாம் வாரம் ஒரு பையன் பக்கத்துப் பெண்ணின் பென்சிலை வேண்டுமென்றே தட்டிவிட்டான். பிறகு அவனே குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, நேராக என்னிடம் வந்து நட்சத்திரம் கேட்டான். நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. "நீங்க சொல்லிக்கொடுத்ததைத்தானே செய்றான்" என்றார்.

அன்று மாலை, உளவியல் படிக்கும் தம்பி எனக்குப் பாடம் எடுத்தார். ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் டொமசெல்லோ என்ற இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வு அது. கை நிறையப் பொருளோடு அலமாரிக் கதவைத் திறக்க முடியாமல் ஒரு பெரியவர் திணற, 18 மாதக் குழந்தைகள் யாரும் சொல்லாமலே போய்த் திறந்துவிட்டார்களாம். 2008இல் அவர்களே 20 மாதக் குழந்தைகளிடம் இன்னொன்றைப் பார்த்திருக்கிறார்கள். உதவிக்குப் பரிசு பெற்றுப் பழகிய குழந்தைகள், பரிசு நின்றதும் மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவினார்கள். சரி, அடுத்த ஞாயிறு அட்டவணையைக் கழற்றிவிட்டேன். பரிசுப் பெட்டி எங்கே என்று மட்டும் நம் குழந்தைகள் கடைசி வரை கேட்டுக்கொண்டே இருந்தார்கள்!

முதியோர் இல்லத்துத் தாத்தா பாட்டிகளுக்கும் அங்கிருக்கும் செவிலியருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. குழந்தைகள் எழுதி நாங்கள் அங்கே அனுப்பிய முதல் கட்டுக் கடிதங்கள் எல்லாம் ஒரே அச்சு: "நலமா? நான் நலம்." வீட்டுப்பாடம் மாதிரி எழுதியிருந்தார்கள். "ஒவ்வொருவரும் ஒரு கேள்வி கேட்கட்டும்" என்று செவிலியர்தான் யோசனை சொன்னார். அதற்கப்புறம் பதில்கள் வரத் தொடங்கின. சின்ன வயதில் மரத்திலிருந்து விழுந்த கதையை ஒரு தாத்தா நான்கு பக்கத்துக்குச் சொல்லி எழுத வைத்திருந்தார். ஒரு பாட்டியின் பதிலில், எழுத்து பொடியாக இருந்ததால் பக்கத்து அறைக்காரர் படித்துச் சொன்னதாக ஒரு வரி இருந்தது. அந்தக் கடிதத்தை எழுதிய சிறுமி மறுவாரம் தாளுக்கு ஒரு வரியாக ஆறு தாள் எழுதினாள். என்னிடம் கேட்டது ஒட்டுவதற்குப் பசை மட்டும்தான்.

கூழாங்கற்களில் ஆறுதல் வார்த்தைகள் எழுதக் கற்றுத்தந்த ஓவியருக்கு நன்றி. மேலே வார்னிஷ் பூச மறந்தது என் தவறு. பூங்காவில் வைத்த மறுநாளே மழையில் பாதி எழுத்து கரைந்துபோனது. காலுறைப் பொம்மலாட்டத்துக்குத் துண்டுத்துணியும் பொத்தானும் பை பையாகக் கொடுத்த தையற்காரருக்கும், சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு கூடம் தந்த நூலகத்தாருக்கும் நன்றி.

பெற்றோரில் ஒருவருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் மகன் ஆறு வாரமும் எதிலும் சேராமல் தூரிகைகளைக் கழுவிக்கொண்டே இருந்தான். "போய்ச் சேர்ந்து விளையாடு" என்று நீங்கள் ஒருமுறைகூடத் தள்ளவில்லை. அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். யாருக்கு எந்தத் தூரிகை பிடிக்கும் என்று அவனுக்குத்தான் தெரிந்திருந்தது. கேட்பதற்கு முன்பே ஈரம் துடைத்து நீட்டுவான்.

அவன் கழுவி வைத்த தூரிகைகளில் ஏழு, இன்னும் என்னிடம் இருக்கின்றன. மூன்று கத்தரிக்கோலும் யாருடையதோ ஒரு நீலக் குடையும்கூட. உரியவர்கள் நூலகத்தில் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பட்டறை ஒருங்கிணைப்பாளர்