ஒற்றை அங்கவடி

தக்கலை

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது, கோபிக்காதே. முட்டு வலிக்குக் கண்ட எண்ணெயைப் போடாமல் டாக்டர் சொன்னபடி நட.

இங்கே விடாத மழை. ஓடு ஒழுகியதால் மச்சைக் காலி செய்தோம். அப்பாவின் டிரங்குப் பெட்டி கீழே வந்தது. காக்கியெல்லாம் பூச்சி அரித்துப் பொடியாகிக் கிடந்தது. ஒரு அங்கவடி மட்டும் அப்படியே இருக்கிறது. "இது என்ன தாத்தா, மணியா?" என்றான் பேரன். குதிரையில் கால் வைத்து ஏறுகிற வளையம் என்று சொல்ல ஆரம்பித்தவன் சாயங்காலம் வரை நிறுத்தவில்லை, கேட்டியா.

மகாராஜாவின் குதிரைப் பட்டாளத்தில் அப்பா சேர்ந்தபோது வயது இருபது. 1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயின. அப்புறம் அப்பா போலீஸ் குதிரைப் படைக்கு மாறினார். திருவனந்தபுரத்தில் பத்மநாபசாமியைக் கடலில் நீராட்டச் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும் அதே ஆறாட்டு ஊர்வலம்; உடுப்புதான் வேறு என்று ஊரில் நினைத்தார்கள். அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார். "பட்டாளத்தில் குதிரையை ஓடப் பழக்கினேன், போலீசில் நிற்கப் பழக்கினேன். நிற்கிறதுதான் பாடு" என்பார். பயந்தால் ஓடுவதுதானே குதிரையின் குணம். காதருகே பட்டாசு வெடித்து, கொட்டு அடித்து, முகத்துக்கு நேரே குடையை விரித்து, ஒவ்வொரு தடவையும் ஒரு பிடி காணம் (கொள்ளு) கொடுத்து, மாதக்கணக்கில் பழக்கவேண்டும். கூட்டத்துக்குள் நேரே விடக்கூடாதாம். பக்கவாட்டில் பைய நகர்த்தினால் ஆட்கள் தானாக ஒதுங்குவார்களாம்.

குதிரைக்கு நேர் பின்னால் இருப்பது தெரியாது. குரல் கொடுக்காமல் அந்தப் பக்கம் போனால் உதைதான். அந்தப் பழக்கத்தில் அம்மா அடுப்படியில் திரும்பி நின்றாலும் அப்பா "ஓ" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார். நாம் ரெண்டு பேரும் அதைச் செய்துகாட்டி அடி வாங்கினோமே!

அம்மாவுக்குத் தீராத கோபம் ஒன்று உண்டு. குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, வயிற்று வலி வந்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு ஓணத்தன்று அப்படி வலி கண்ட பெட்டைக் குதிரையை ராத்திரி முழுக்க நடத்திக்கொண்டு லாயத்திலேயே இருந்துவிட்டார். எடுத்து வைத்த பாயசம் புளித்துப் போயிற்று.

1956 நவம்பர் 1 அன்று நம் கல்குளம் உட்பட நான்கு தாலுகாவும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. வீடு இந்தப் பக்கம், லாயம் அந்தப் பக்கம். இங்கே மாற்றல் கேள் என்று சொந்தக்காரர்கள் நச்சரித்தார்கள். "குதிரைக்கு யார் மாற்றல் கொடுப்பான்?" என்று கேட்டாராம். ஓய்வு பெறும் வரை அங்கேதான்.

போன நவராத்திரிக்கு, பத்மநாபபுரம் அரண்மனையிலிருந்து சரஸ்வதி யானைமேல் திருவனந்தபுரத்துக்குக் கிளம்புவதைப் பேரனுக்குக் காட்டினேன். பின்னால் பல்லக்கில் குமாரகோவில் முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும். விஜயதசமிக்கு அங்கே பூஜப்புரையில் முருகன் வெள்ளிக்குதிரை ஏறுவார் இல்லையா? "இங்கே மயில்வாகனன், அங்கே போனால் நம்ம ஆளு" என்று அப்பா சொல்வதைச் சொன்னேன். அவனுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

அப்புறம் ஒரு விஷயம். அங்கவடி ஜோடியாகத்தானே இருக்கவேண்டும்? மற்றதை நீ விளையாட எடுத்துப்போய், உங்கள் வீட்டில் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்ததாக அம்மா சொல்வாள். தேடிப் பார். கிடைத்தால் வரும்போது கொண்டு வா.

உன்
பழைய பெஞ்சுக்காரன்