நின்று நின்று ஓடும் எஞ்சின்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. பிள்ளைகள் பரீட்சையை நன்றாக எழுதியதில் சந்தோஷம். ஆனால் உன் படகு எஞ்சின் சங்கதியைப் படித்ததும் மனசுக்குத் திக்கென்றது. கரையை விட்டுப் பதினைந்து நிமிடத்தில் நிற்கிறது, சற்றுப் பொறுத்து இழுத்தால் பிடித்துக்கொள்கிறது என்கிறாய். கச்சான் என்னும் மேல்காற்று அடிக்கும் நாளில் பாம்பனுக்கு வெளியே எஞ்சின் நின்றால், படகைக் காற்று கிழக்கே இலங்கைக் கடல் எல்லைக் கோட்டுப் பக்கம்தான் தள்ளிக்கொண்டு போகும். இதைச் சரிபார்க்காமல் தூரத்துக்குப் போகாதே.

கார்புரேட்டரை இப்போது கழற்றாதே. எல்லோரும் முதலில் அதில்தான் கை வைக்கிறார்கள். அது அடைத்திருந்தால் ஸ்லோவில் நிற்கும், அல்லது வேகம் கொடுக்கும்போது மூச்சு வாங்கும். நன்றாக ஓடிவிட்டுப் பதினைந்தாவது நிமிடம் நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும். எப்படி நிற்கிறது என்று கவனி. வேகம் ஏறி இறங்கித் திணறி நின்றால் பெட்ரோல் வரவில்லை. சுவிட்சை அணைத்த மாதிரி ஒரே நொடியில் நின்றால் பிளக்குக்குக் கரண்ட் போகவில்லை.

நின்ற உடனே ஸ்டார்ட் கயிற்றை இழுக்காமல், பெட்ரோல் ஹோஸில் இருக்கும் ரப்பர் பல்பைத் தொட்டுப் பார். அது சப்பையாக ஒட்டிக் கிடந்தால் அடைப்பு டேங்க் பக்கம் இருக்கிறது. டேங்க் மூடியின் மேல் சின்னக் காற்றுத் திருகு இருக்கும், அதைத் திறந்திருக்கிறாயா? பெட்ரோல் வெளியே போகிற அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். வராவிட்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, எஞ்சின் பம்ப்பால் இழுக்க முடியாமல் போகும். சும்மா கிடக்கும்போது காற்று மெல்லக் கசிந்து உள்ளே போவதால்தான் மறுபடி பிடிக்கும். நீ எழுதிய குணம் அப்படியே இதுதான். மூடியைத் திருகும்போது ‘உஸ்’ என்று சத்தம் வந்தால் சந்தேகமே வேண்டாம். திருகு திறந்திருந்தாலும் உப்பு பூத்து அந்தத் துளை அடைந்திருக்கலாம், கழற்றி ஊதிப் பார்.

அது சரியாக இருந்தால் டேங்குக்குள் இறங்கும் குழாயின் அடிவலையைப் பார். பிறகு ஹோஸ். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய ஹோஸின் உள்தோல் அதில் ஊறி உரிந்து, இழுக்கும்போது கதவு மாதிரி வழியை மூடிவிடும். வெளியே பார்த்தால் புதுசு போலவே இருக்கும். வெட்டி ஒட்டாதே, பல்போடு சேர்த்து முழு ஹோஸையும் மாற்று. பல்பின் மேலுள்ள அம்புக்குறி எஞ்சினைப் பார்க்க வேண்டும்.

பல்பு சப்பையாகாமல் தொளதொளவென்று இருந்து, திணறும்போது அதை அமுக்கினால் எஞ்சின் தெளிகிறது என்றால் விஷயம் வேறு. எங்கோ காற்றை உறிஞ்சுகிறது, அல்லது எஞ்சினிலுள்ள பெட்ரோல் பம்ப் தளர்ந்துவிட்டது. ஹோஸை மாட்டும் கனெக்டருக்குள் இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தையும் ஹோஸ் கிளிப்களையும் முதலில் மாற்று. அப்புறம் பம்ப்பைத் திறந்து அதன் சவ்வை, அதாவது டயஃப்ரத்தை, வெளிச்சத்தில் பிடித்துப் பார். ஊசி முனை ஓட்டை இருந்தாலும் போதும், மெதுவாக ஓடும்போது தாக்குப்பிடித்து முழு வேகத்தில் கைவிட்டுவிடும்.

பெட்ரோலில் தண்ணீர் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடு. டேங்கின் அடியிலிருந்து அரை லிட்டரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துக் கால் மணி நேரம் அசையாமல் வை. அடியில் தனிப் படலம் தெரிந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடு, வடிகட்டிப் பிரயோஜனமில்லை. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொண்டு அடியில் தங்கிவிடுவதால் பழைய பெட்ரோலில் இந்தத் தொல்லை அதிகம். ஆயில் 50-க்கு 1 தானே கலக்கிறாய்? லிட்டருக்கு 20 மில்லி, 24 லிட்டர் டேங்குக்கு 480 மில்லி. குறைத்தால் பிஸ்டன் சூடேறி இறுகும். உன் எஞ்சினின் புத்தகத்தில் வேறு அளவு போட்டிருந்தால் அதையே வை.

இத்தனைக்கும் முன்னால் ஒரு சுருக்கு வழி: பக்கத்துப் படகில் அதே கம்பெனி எஞ்சின் இருந்தால் அவர்கள் டேங்கையும் ஹோஸையும் வாங்கி மாட்டி, கரையோரமாகவே அரை மணி நேரம் ஓட்டு. நிற்கவில்லை என்றால் குற்றம் உன் டேங்கிலோ பெட்ரோலிலோ ஹோஸிலோ. நின்றால் எஞ்சினிலுள்ள பம்ப்பையும் கரண்டையும் பார்க்க வேண்டும்.

கரண்ட் சோதனையை எஞ்சின் சூட்டோடு இருக்கும்போதே செய்ய வேண்டும், ஆறிய பிறகு எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். பிளக்குக்குக் கரண்ட் தரும் காயிலுக்குள் மயிரிழையாக விண்டிருக்கும் கம்பி சூட்டில் விலகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். பொறியை நேரத்துக்கு விடும் சி.டி.ஐ. பெட்டியும் சூட்டில் இப்படி ஏமாற்றும். நின்றவுடன் ஸ்பார்க் டெஸ்டரை மாட்டி இழுத்துப் பார்; பக்கத்தில் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. பொறி வரவில்லையா? ஸ்டாப் பட்டனின் ஒயரைக் கழற்றிவிட்டு மறுபடி இழு. யமஹாவில் அது வெள்ளை ஒயர். இப்போது பொறி வந்தால் பட்டனுக்குள் உப்புத் தண்ணீர் ஏறி எர்த் ஆகிறது. ஒயர் கழன்றிருக்கும்போது பட்டனும் வேலை செய்யாது, கையில் மாட்டும் பாதுகாப்புக் கயிறும் வேலை செய்யாது. சோக்கை இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். ஆகவே இதைக் கட்டிப்போட்ட படகில் மட்டும் செய்.

எஞ்சினைக் குளிர்வித்துவிட்டுப் பக்கவாட்டில் பீச்சும் தண்ணீரையும் கவனி. அது மெலிந்தோ ஆவியாகவோ வந்து, நின்றபின் ஸ்டார்ட் கயிறு இழுக்கக் கனமாக இருந்தால் எஞ்சின் கொதித்திருக்கிறது. சூட்டில் தண்ணீர் ஊற்றாதே, தானாக ஆறட்டும். உங்கள் பக்கம் கடற்புல் அதிகம், தண்ணீர் உறிஞ்சும் சல்லடையில் அது ஒட்டியிருக்கும். அதைத் துடைத்தும் மெலிந்தே வந்தால், பீச்சும் துளைக்குள் கம்பி விட்டுப் பார். அப்படியும் தேறாவிட்டால் தண்ணீர் பம்ப்பிலுள்ள ரப்பர் சக்கரமான இம்பெல்லரை மாற்று.

இரண்டு பிளக், பிளக் ஸ்பானர், ஓ-ரிங், பாதுகாப்புக் கயிற்றின் ஸ்டாப் கிளிப், பல்போடு ஒரு ஹோஸ், இவற்றைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டுப் படகிலேயே வை.

அடுத்த முறை நிற்கும்போது பல்பு எந்த நிலையில் இருந்தது என்று உடனே எழுது. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன் அன்பு மச்சான்