தவக்கைக் கண்காட்சிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்பான ஊரவர்களுக்கு,

மாங்குளத்துக்குப் பக்கத்தில் எங்கள் வாசிகசாலையில் வைத்த மலைத்தவளைக் கண்காட்சி நல்லபடி முடிந்தது. "மாரியில குளத்தடியில கத்துற தவக்கை காணாதெண்டே மலையில இருந்தும் கொண்டு வாறியள்?" என்று நக்கலடித்தவர்களும் பின்னேரம் பிள்ளைகளோடு வந்து நின்றார்கள். சரி, அவர்களுக்கும் நன்றி.

1977 கலவரத்தோடு மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றிலிருந்து வன்னிக்கு வந்த பாட்டிக்குத்தான் பெரிய நன்றி. நாங்கள் பலகையில் எழுதி ஒட்டியதைவிட அவர் சொன்னதுதான் பிள்ளைகளின் மண்டைக்குள் ஏறியது. மூட்டம் இறங்கினால் அடுத்த நிரையில் கொழுந்து பறிப்பவர் தெரியமாட்டாராம். காட்டு மரத்துப் பாசியைப் பிழிந்தால் தண்ணீர் வடியுமாம்.

அந்த ஈரத்தை நம்பித்தான் சிவனொளிபாதமலைக் காட்டின் புள்ளிப் பச்சை மரத்தவளை பிழைக்கிறது. 1853இல் இலங்கையில் பிறந்த கெலார்ட் என்ற மருத்துவர் விவரித்து எழுதிய இனம். பிறகு ஆளையே காணோம், அழிந்துவிட்டது என்றுதான் நினைத்திருந்தார்கள். 2009இல் சிவனொளிபாதமலைக் காட்டில் திரும்பக் கண்டார்கள். இன்றும் அழியும் விளிம்பில்தான் இருக்கிறது.

இந்தத் தவளைக்கு வாற்பேத்தைப் பருவமே இல்லை என்று சொன்னதும், "வாற்பேத்தை இல்லையெண்டா அது என்னெண்டு தவக்கை?" என்று ஒரு வாண்டு மடக்கியது. இந்த வகைத் தவளைகளுக்குக் குளம் தேவையில்லை. முட்டைக்குள்ளேயே கால் முளைத்து, குட்டித் தவளையாகத்தான் வெளியே வரும். எங்கள் விஞ்ஞான ரீச்சர் முட்டையைச் சுளகளவு பெரிதாக வரைந்து, உள்ளே மடங்கிக் கிடக்கும் காலையும் காட்டியபிறகுதான் அது சமாதானமானது. ஆனால் முட்டை கிடக்கும் மண்ணோ இலையோ காய்ந்தால் முட்டையும் காய்ந்துவிடும். கோப்பிக்கும் பிறகு தேயிலைக்குமாகக் காட்டை வெட்டியதும், ஏலக்காய்க்காக அடிக்காட்டைத் துப்புரவாக்கியதும் அந்த ஈரத்தைத்தான் கெடுத்தன. இலங்கையின் தவளை இனங்களில் பல ஏற்கெனவே அழிந்த பட்டியலில் சேர்ந்துவிட்டன.

படங்களையும் கத்தும் ஒலியையும் அனுப்பிய பேராதனைத் தம்பிக்கும், பாதிக் காசுக்கு அச்சடித்துத் தந்த கிளிநொச்சி அண்ணைக்கும், கரண்ட் போனதும் கேட்காமலே ஜெனரேற்றர் கொண்டுவந்த பக்கத்து வளவுக்காரருக்கும், பிளேன்ரீயும் வடையும் சுட்டுத் தந்த அக்காமாருக்கும் நன்றி. வடை காணாமல் போனது எங்கள் கணக்குப் பிழையல்ல, பொடியள் வேலை.

படப் பலகைகள் வாசிகசாலையில்தான் இருக்கின்றன. பள்ளிக்கூடங்கள் கேட்டால் தருவோம். மழையில் நனையாமல் கொண்டுபோய், அப்படியே திருப்பித் தந்தால் போதும்.

நன்றியுடன்,
வாசிகசாலை இளைஞர்கள்