கவிதா என்றொரு அம்மா

மதுரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஜோகன்னஸ்பர்க்கில் குளிர் தொடங்கிவிட்டதா? இங்கே வெயில் குறையவே இல்லை.

நீ அலமாரியில் விட்டுப்போன புத்தகங்களில் 'விவேக் ஓஜியின் மரணம்' நாவலை முடித்துவிட்டேன். முதல் நாற்பது பக்கம் அகராதியும் கையுமாகத்தான் நகர்ந்தது. அப்புறம் அகராதியைத் தொடவே தோன்றவில்லை. நைஜீரியக் கதையில் கவிதா என்று ஒரு அம்மாவைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். எழுதிய அக்வாஎக்கே எமெஸியின் அப்பா நைஜீரியாவின் இக்போ இனத்தவர், அம்மா மலேசியத் தமிழர் என்று நீ ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்திருந்தாய். எமெஸி தன்னை ஆணென்றும் சொல்வதில்லை, பெண்ணென்றும் சொல்வதில்லை என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. நமக்குத்தான் 'அவர்' இருக்கிறதே.

கவிதாவின் வாசலில், துணியில் சுற்றி, மகனின் உடல் கிடக்கிறது. யார் கொண்டுவந்து போட்டார்கள், எப்படிச் செத்தான், ஒன்றும் தெரியாது. அவன் சிநேகிதிகளிடம் போய்ப் போய்க் கேட்கிறாள். அவர்கள் வாய் திறப்பதில்லை. கடைசியில் போட்டோக்களை எடுத்துக் காட்டுகிறார்கள். நீண்ட கூந்தலும் கவுனுமாக, ந்னெம்டி என்ற இன்னொரு பெயரோடும் வாழ்ந்த தன் பிள்ளையை அவள் அப்போதுதான் பார்க்கிறாள். ஊருக்கெல்லாம் தெரிந்தது எனக்கு மட்டும் தெரியவில்லையா என்று அவளுக்கு வரும் கோபம் எனக்கு நன்றாகப் புரிந்தது. அப்புறம் கல்லறையில் அந்தப் பெயரையும் சேர்த்துப் பொறிக்க வைக்கிறாள். அந்தப் பெயருக்கு 'என் அம்மா இருக்கிறாள்' என்று அர்த்தமாமே. மொட்டைமாடிக்குப் போய், காய்ந்த துணியை எடுக்காமல் வெகுநேரம் நின்றிருந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். தை மாதக் கல்யாணத்தில் நீ என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று கேட்டவர்களிடமெல்லாம் "ஆங்கில இலக்கியம்" என்று சொல்லி நிறுத்திக்கொண்டேன். போன வாரம் உன் மாமா கேட்டபோது முழுதாகச் சொன்னேன். ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் ஆங்கிலத்தில் எழுதும் இன்றைய கதைகளில் பாலினமும் பாலியல்பும் என்றேன். "அதெல்லாம் அந்த நாட்டுப் பண்பாட்டுக்கே ஒத்துவராதே" என்றார். ஒருபால் உறவைக் குற்றமாக்கி வெள்ளைக்காரன் 1860-இல் நமக்கு எழுதிக்கொடுத்த 377-ஆம் சட்டப்பிரிவு மாதிரியான பிரிவுகளைத்தான் நைஜீரியாவிலும் கென்யாவிலும் விட்டுப்போனான், எது யார் பண்பாடு என்று கேட்டேன். நீ போனில் சொன்னதுதான். 2014-இல் நைஜீரியா ஒருபால் திருமணத்துக்கு 14 ஆண்டுச் சிறை என்று புதுச் சட்டமே போட்டதையும், நீ இருக்கும் தென்னாப்பிரிக்காவில் 2006 முதலே இத்தகைய திருமணம் சட்டப்படி செல்லும் என்பதையும் சொன்னேன். ஆப்பிரிக்கா ஒரே ஊர் இல்லையே.

இப்போது சினெலோ ஒக்பராண்டாவின் உடாலா மரக் கதை பாதியில் இருக்கிறது. நைஜீரியாவின் பியாஃப்ரா உள்நாட்டுப் போரில் கணவனை இழந்த அம்மா, இன்னொரு பெண்ணை நேசித்த மகளை உட்காரவைத்து பைபிள் வாசிக்கிறாள். படிக்க வலிக்கிறது. ஆனால் அவள் கல்நெஞ்சக்காரி இல்லை பாப்பா, பயந்தவள். கென்ய எழுத்தாளர் பின்யவாங்கா வைனைனாவும் 2014-இல் தான் ஆண்களை நேசிப்பவர் என்ற உண்மையை அம்மாவிடம் சொல்வதாகத்தானே எழுதினார்? 2000-இலேயே இறந்துபோன அம்மாவிடம், அந்தக் கடைசி நேரத்தில் தான் பக்கத்தில் இருந்ததாகக் கற்பனை செய்துகொண்டு. உண்மையில் அவரால் போய்ச் சேர முடியவில்லை.

உன் ஆராய்ச்சியில் இந்த அம்மாக்களைச் சட்டத்தோடும் சர்ச்சோடும் ஒரே வரிசையில் நிறுத்திவிடாதே. அவர்களுக்குத் தனியாகப் பத்துப் பக்கமாவது கொடு. எழுதியதும் எனக்கு அனுப்பு. மெதுவாகப் படித்துக்கொள்கிறேன்.

சித்திரையில் உன் சிநேகிதியைப் பற்றி ஏதோ சொல்ல ஆரம்பித்தாய். சாப்பிட்டாயா என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அந்த இடத்திலிருந்து சொல். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்கிறேன்.

அன்புடன்,
அம்மா